உப்புத் தண்ணியில் கிருமி சாகாதா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் "கிருமி உடம்புக்குள்ளே போய் அப்படி என்னதான் பண்ணுது? சந்தேகம் இருந்தால் எழுதுங்கள்" என்று ரெண்டு வரி போட்டதற்கு, தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரைக்கும் கடிதம் வந்து குவிந்துவிட்டது. ஒரே கேள்வியை நாலு பேர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்திருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். இன்னொன்று, நான் டாக்டர் இல்லை. முப்பது வருஷம் ஆய்வகத்தில் கிருமித் தட்டும் மைக்ராஸ்கோப்புமாக உட்கார்ந்திருந்தவன். கிருமி என்ன செய்யும் என்று கேட்டால் சொல்வேன். எந்த மாத்திரை எத்தனை வேளை என்பதை உங்களைப் பார்க்கிற டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

பாம்பன் வாசகி: அண்ணே, நாங்க பாசி எடுக்கப் போற பொம்பளைங்க. விரலுக்குத் துணி சுத்திக்கிட்டுத்தான் இறங்குவோம், அப்படியும் கடலடிப் பாரு (பாறை) கிழிச்சிரும். "கடத்தண்ணி பட்டா புண்ணு தானா ஆறிரும், உப்புல கிருமி சாகும்"னு எங்க அம்மாச்சி சொல்லும். போன மாசம் என்கூட வந்த அக்காவுக்குக் கணுக்கால்ல சின்னக் கீறல்தான். மறுநாள் காலையில கால் வீங்கி, கருநீலமா கொப்புளம் வந்து, ஆஸ்பத்திரியில சேர்த்தோம். அவங்களுக்கு சுகரும் உண்டு. உப்புத் தண்ணியில கிருமி சாகாதா?

சாகிற கிருமி சாகும் தங்கச்சி. உப்பிலேயே பிறந்து வளர்ந்தது எதற்குச் சாகப் போகிறது?

கடல் தண்ணீரில் உப்பு 100க்கு மூன்றரை பங்குதான். கருவாட்டுக்குப் போடுகிற உப்போடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. இந்த அளவு உப்பும், நம்ம கடல் மாதிரி வெதுவெதுப்பான தண்ணீரும் விப்ரியோ என்கிற பாக்டீரியாக் குடும்பத்துக்குச் சொந்த வீடு. கமா மாதிரி வளைந்த உடம்பு, பின்னால் வால், மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கண்ணுக்கு அகப்படாமல் விர்ரென்று பாயும். இந்தக் குடும்பத்தில் பெரும்பாலானவை நம்மைச் சீண்டுவதே இல்லை. சீண்டுகிற சிலவற்றில் காலராக் கிருமி ஒன்று, மீனோ நண்டோ சரியாக வேகாமல் தின்றால் வயிற்றைக் கலக்குகிற பாராஹீமோலிட்டிகஸ் ஒன்று, காயத்தில் ஏறுகிற வல்னிஃபிகஸ் ஒன்று. அந்த அக்காவுக்கு எது ஏறியது என்று கல்ச்சர் (புண்ணிலிருந்து கிருமியை எடுத்து வளர்த்துப் பார்க்கிற சோதனை) பார்க்காமல் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் சொல்கிற வேகத்தையும் கருநீலக் கொப்புளத்தையும் கேட்டால் எனக்கு முதலில் வருகிற சந்தேகம் வல்னிஃபிகஸ்தான்.

தோல் கிழியாமல் இருக்கிற வரை அது வெளியே நிற்கும். பார் கிழித்ததும் வாசல் திறந்தாகிவிட்டது. உள்ளே வந்ததும் அதற்கு முதலில் வேண்டியது இரும்பு. இரும்பு கிடைக்காமல் அது பெருகாது. நம் உடம்புக்கும் இது தெரியும், அதனால்தான் ரத்தத்தில் இரும்பைச் சும்மா மிதக்க விடாமல் ஒரு புரதத்துக்குள் பூட்டி வைத்திருக்கிறது. வல்னிஃபிகஸ் என்ன செய்யும் என்றால், தூண்டில் போடுகிற மாதிரி ஒரு சின்ன வேதிப்பொருளை வெளியே அனுப்பும், இரும்பு மாட்டியதும் திரும்ப இழுத்துக்கொள்ளும். ஈரல் கெட்டவர்களுக்கு அந்தப் பூட்டே தளர்ந்து இரும்பு தாராளமாகக் கிடக்கும். குடித்துக் குடித்து ஈரல் சுருங்கியவர்களை இந்தக் கிருமி தேடி வந்து பிடிக்கிற மாதிரி தாக்குவதற்கு இது ஒரு காரணம். சுகர் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு வேறு கதை, அவர்களுடைய வெள்ளை அணுக்கள் மந்தமாகிவிடும்.

வெள்ளை அணு என்றதும் எனக்கு நட்சத்திர மீன் ஞாபகம் வந்துவிடும். 1882இல் மெச்னிகாஃப் என்கிற ரஷ்ய விஞ்ஞானி, இத்தாலியில் மெஸ்ஸினா என்ற கடலோர ஊரில் குடியிருந்தார். ஒருநாள் வீட்டில் எல்லோரும் சர்க்கஸ் பார்க்கப் போய்விட, இவர் மட்டும் தனியாக உட்கார்ந்து நட்சத்திர மீன் குஞ்சை மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குஞ்சு கண்ணாடி மாதிரி, உள்ளே நடப்பதெல்லாம் வெளியே தெரியும். என்ன தோன்றியதோ, எழுந்து போய்த் தோட்டத்து ரோஜாச் செடியில் முள் ஒடித்து வந்து அதன் தோலுக்கடியில் குத்தி வைத்தார். ராத்திரி தூக்கம் இல்லை. விடிந்ததும் பார்த்தால் முள்ளைச் சுற்றிச் செல்கள் மொய்த்துக்கொண்டு நிற்கின்றன. நம் விரலில் முள் ஏறினால் சீழ் கட்டுவதும் இதே சங்கதிதான் என்று அவருக்குப் பிடிபட்டது. 1908இல் நோபல் பரிசு வாங்கினார். உங்க ஊர் பாரில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறதே அந்த நட்சத்திர மீனுக்கும் நமக்கும் காவல் ஒரே மாதிரிதான்.

காவல் செல் கிருமியைப் பிடித்து விழுங்க வேண்டும். பிடிக்க முதலில் பிடி கிடைக்க வேண்டுமே! வல்னிஃபிகஸ் மேலே வழவழவென்று ஒரு சர்க்கரைப் பொருள் உறையைப் போர்த்தியிருக்கும், விலாங்கு மாதிரி நழுவிவிடும். நழுவிக்கொண்டே நச்சு விடும். நச்சு நம் செல்லின் சவ்வில் ஓட்டை போடும், சின்ன ரத்தக் குழாய்கள் சிதையும், ரத்தம் கசிந்து தோலுக்கடியில் தேங்கும். நீங்கள் பார்த்த கருநீலக் கொப்புளம் இப்படி வருவதுதான். வீக்கத்தில் பாதி நம் ஆட்களே செய்தது. கிருமியின் மேலோட்டில் இருக்கும் ஒரு கொழுப்புப் பொருளைத் தொட்டதுமே நம் செல் அபாயச் சங்கு ஊதிவிடும். ரத்தக் குழாய்கள் தளர்ந்து காவல் செல்களையும் நீரையும் வெளியே விடும். காலோடு நின்றால் சரி. ரத்தத்தில் ஏறி உடம்பு முழுக்கச் சங்கு ஊதினால் பிரஷர் இறங்கும், அந்த நிலைக்குப் போனவர்களில் பாதிப் பேரோ அதற்கு மேலோ பிழைப்பதில்லை.

அதனால் கீறல் பட்டால் கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவுங்கள். ஒரு நாளுக்குள் வீங்கினால், காயத்தின் அளவுக்குச் சம்பந்தமே இல்லாமல் வலித்தால், கொப்புளமோ காய்ச்சலோ வந்தால், மஞ்சள் அரைத்துப் போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டாம். டாக்டரிடம் "இது கடலில் பட்ட காயம்" என்று நீங்களாகவே சொல்லுங்கள். சாதாரணக் காயத்துக்குக் கொடுக்கிற மருந்தும் இதற்குக் கொடுப்பதும் ஒன்றில்லை. டெட்டனஸ் ஊசியும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். அம்மாச்சி சொன்னதிலும் ஒரு நியாயம் உண்டு, ஆஸ்பத்திரியில் புண் கழுவுவதும் உப்புத் தண்ணீரில்தான். ஆனால் அது 100க்கு 0.9 பங்கு உப்பு, கிருமி நீக்கிப் பாட்டிலில் அடைத்தது.

மண்டபம் வாசகர்: கருவாட்டு மூட்டையின் ஓரத்தில் ரோஸ் கலரில் பூத்திருக்கிறது. சாப்பிட்டால் நோய் வருமா?

வாலிநோக்கம் உப்பளப் பாத்தி சில நாள் ரோஸ் கலராகக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நிறத்துக்குக் காரணமான நுண்ணுயிர்தான் உப்போடு சேர்ந்து உங்கள் மூட்டைக்கு வந்திருக்கிறது. முந்தின கேள்விக்கு நேர் எதிர் இது. இதற்கு 100க்கு 15 பங்குக்கு மேல் உப்பு வேண்டும், இல்லாவிட்டால் அதன் உடம்பே பிரிந்து உடைந்துவிடும். நம் ரத்தத்து உப்பு ஒரு பங்குகூட இல்லை. உள்ளே வந்து நம் செல்லைத் தொடுவதற்கு முன்னாலேயே வெடித்துப்போகும், பாவம். கருவாட்டைக் கெடுக்கும், நாற வைக்கும், பிசுபிசுக்கும், அதனால் விற்காதீர்கள். நோய்க்குப் பயப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு: கையில் சீழ்ப்புண்ணோடு கருவாடு அடுக்கினால் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஏறும். அது உப்பைத் தாங்கும், அது விட்டுவைத்த நச்சு குழம்பில் கொதித்தாலும் போகாது.

தொண்டி வாசகி: என் மகனுக்கு மூன்று வயது. பேதி ஆனபோது ஓ.ஆர்.எஸ். கொடுத்தேன். குடிக்கக் குடிக்கப் போய்க்கொண்டுதான் இருந்தது, நிற்கவில்லை. "தண்ணி கொடுக்காதே, குடிக்கிறதெல்லாம் பின்னால போகுது" என்கிறார் மாமியார். நிற்காத மருந்தை எதற்குக் கொடுக்க வேண்டும்?

மாமியார் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறார். ஆனாலும் தப்பு. ஓ.ஆர்.எஸ். பேதியை நிறுத்துகிற மருந்தே இல்லை, அது வேறு வேலை செய்கிறது. காலராவை வைத்துச் சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் இந்த விஷயம் பளிச்சென்று தெரியும். உங்கள் பையனுக்கு வந்தது காலரா என்று சொல்லவில்லை, குழந்தைகளுக்குப் பேதி வைரஸாலும் வரும், வேறு பாக்டீரியாவாலும் வரும்.

காலராக் கிருமி தண்ணீரோடு வயிற்றுக்குள் வரும்போது இரைப்பை அமிலத்திலேயே பெரும்பாலானவை செத்துவிடும். அதனால் நல்ல ஆரோக்கியமான ஆளைச் சாய்க்க லட்சக்கணக்கில் வர வேண்டும். (நெஞ்செரிச்சல் என்று தினமும் அமிலம் குறைக்கிற மாத்திரை போடுகிறவர்களைக் கவிழ்க்கக் கொஞ்சம் வந்தாலே போதும்.) தப்பிப் பிழைத்தவை சிறுகுடலுக்குப் போய், நூல் மாதிரி இழைகளால் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு சுவரோரம் தங்கும். கவனியுங்கள், அது செல்லுக்குள் நுழைவதே இல்லை. வாசலில் நின்றபடி நச்சை விடுகிறது. நச்சு ஆறு துண்டு சேர்ந்த ஒரு பொட்டலம். ஐந்து துண்டுகள் நம் குடல் செல்லின் மேலே இருக்கிற ஜி.எம்.1 என்ற பொருளைப் பிடித்துக்கொள்ளும், செல் தனக்கு வேண்டிய ஏதோ சாமான் என்று நினைத்து அதைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும், ஆறாவது துண்டு உள்ளே போய் ஒரே ஒரு ஸ்விட்சைப் போட்டு, அணைக்க முடியாதபடி இறுக்கிவிடும். குழாயைத் திறந்துவிட்டுத் திருகைக் கழற்றி எறிந்த மாதிரி. செல்லிலிருந்து குளோரைடு கொட்டும், பின்னாலேயே சோடியம் போகும், உப்பு போகிற பக்கம் தண்ணீரும் போகும். முற்றினால் மணிக்கு ஒரு லிட்டர் வரை, அரிசி களைந்த கழுநீர் நிறத்தில்.

இதில் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம், செல் சாகவில்லை என்பதுதான். நச்சு சொன்ன வேலையை அது ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். குடல் புண்ணாகி, சுவர் உரிந்துதான் பேதி போகிறது என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். கொல்கத்தாவில் சம்பு நாத் டே என்ற டாக்டர் முயலின் குடலில் ஒரு துண்டை ரெண்டு பக்கமும் கட்டி, நடுவில் கிருமியைப் போட்டு, அந்தத் துண்டு நீர் கோத்துப் பலூன் மாதிரி உப்புவதைக் காட்டினார். 1959இல் கிருமியே இல்லாமல் அது விட்ட சாற்றை மட்டும் வைத்தும் உப்பும் என்று காட்டினார். இவ்வளவு பெரிய வேலை, ஆனால் உயிரோடு இருந்த காலத்தில் நம் நாட்டில் அவரைக் கொண்டாடியவர்கள் குறைவு. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

இப்போது ஓ.ஆர்.எஸ்.ஸுக்கு வருவோம். உப்பு வெளியே போகிற கதவு ஒன்று. குளுக்கோஸும் சோடியமும் ஜோடியாக உள்ளே வருகிற கதவு வேறொன்று. ஜோடியாக வந்தால்தான் திறக்கும், உப்பு மட்டும் வந்தாலோ சர்க்கரை மட்டும் வந்தாலோ திறக்காது. நச்சு இந்தக் கதவைத் தொடுவதில்லை! அதனால் அந்தப் பக்கம் கொட்டிக்கொண்டிருந்தாலும் இந்தப் பக்கம் ஏற்றலாம். கப்பலில் ஓட்டை இருக்கிறது, ஆனால் இறைக்கிற வேகம் குறையாமல் பார்த்துக்கொண்டால் கரை சேர்ந்துவிடலாம். ஓட்டையும் தானாக அடைபடும், ஏனென்றால் குடலின் மேல்செல்கள் நாலைந்து நாளில் உதிர்ந்து புதுசு வந்துவிடும், இறுகிய ஸ்விட்சும் அதோடு போய்விடும். 1971இல் வங்கதேச அகதிகள் மேற்கு வங்கத்து பங்காவ் முகாமில் காலராவில் செத்துக்கொண்டிருந்தபோது, சலைன் பாட்டில் தீர்ந்துபோய், டாக்டர் திலீப் மஹலானாபிஸ் டிரம்மில் சர்க்கரை உப்புக் கரைசலைக் கலக்கிக் கொடுக்கச் சொன்னார். 100க்கு 30 வாக்கில் இருந்த சாவு 4க்கும் கீழே வந்தது.

கடையில் பாக்கெட் வாங்கினால் அதில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில் மொத்தத்தையும் கரையுங்கள், பாதிப் பாக்கெட் வேலை வேண்டாம். கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அதற்கு மேல் இனிப்பாக்கினால் குடலே தண்ணீரை வெளியே இழுக்கும், அதனால்தான் டப்பாவில் வருகிற இனிப்பு ஜூஸைக் கொடுக்காதீர்கள் என்கிறேன். இளநீரில் சோடியம் போதாது. பிள்ளை சோர்ந்து, கண் குழிந்து, அழுதால் கண்ணீர் வராமல், ஒன்றுக்குப் போகாமல் இருந்தால் வீட்டில் கரண்டியை வைத்துக்கொண்டு உட்கார நேரம் இல்லை, தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மாமியாரிடம் கப்பல் கதையைச் சொல்லிப் பாருங்கள்.

உப்பூர் பக்கம் இறால் பண்ணை வைத்திருக்கும் வாசகர்: வெள்ளைப்புள்ளி நோய் வந்து போன வருஷம் ஒரு குளமே போயிற்று. கோழிக்குத் தடுப்பூசி இருக்கிறதே, இறாலுக்கு ஏன் இல்லை?

கோழிக்கும் நமக்கும் ஒருமுறை பார்த்த கிருமியை ஞாபகம் வைத்துக்கொள்கிற செல்களும், அதற்கென்றே அளவெடுத்துச் செய்த ஆன்டிபாடி என்கிற எதிர்ப்புப் புரதமும் உண்டு. தடுப்பூசி அந்த ஞாபகத்தைத்தான் தூண்டுகிறது. இறாலுக்கு அந்த ஏற்பாடு இல்லை தம்பி. நட்சத்திர மீன் மாதிரி விழுங்குகிற செல்கள் உண்டு, வேறு சில தற்காப்பும் உண்டு, ஆன்டிபாடி கிடையாது. அதனால் நம்ம மாதிரி தடுப்பூசி போட்டு வருஷக்கணக்கில் நிம்மதியாக இருக்க முடியாது.

வெள்ளைப்புள்ளி வைரஸுக்குத் தனியாகப் பிழைப்பு கிடையாது. இறாலின் செவுள், வயிறு, தோலுக்கடியில் இருக்கும் செல்களுக்குள் போய், உட்கருவைப் பிடித்து, அங்கேயே நகல் போட ஆரம்பிக்கும். சாயம் போட்டுப் பார்த்தால் உட்கரு உப்பிப் போயிருப்பது தெரியும். ஓட்டில் வெள்ளைப்புள்ளி கண்ணில் படும்போது வேலை முடிந்த மாதிரிதான், 3 முதல் 10 நாளுக்குள் குளம் காலி. இதற்கு ஆன்டிபயாட்டிக் கரைத்து ஊற்றுவது பணத்தைக் கடலில் போடுவது. ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவின் எந்திரங்களை அடிக்கிற மருந்து, வைரஸ் ஓடுவதோ இறாலின் சொந்த எந்திரத்தில். பரிசோதித்த குஞ்சு, நண்டு ஏறாத வேலி, பறவை இறங்காத வலை, இதில்தான் காசைப் போட வேண்டும். அந்த வைரஸ் மனிதனுக்கு ஏறாது.

இன்னொரு விஷயம், நீங்கள் ஈ.எம்.எஸ். என்று சொல்கிற குஞ்சு இறப்பு நோய். அதைச் செய்வது முதல் கேள்வியில் சொன்ன அதே பாராஹீமோலிட்டிகஸ். ஒரு வித்தியாசம், அந்த வகையிடம் ஒட்டுத்துண்டு மாதிரி ஒரு டி.என்.ஏ. வளையம் கூடுதலாக இருக்கும், அதில் இருக்கிற ரெண்டு நச்சு இறாலின் ஈரல் செல்களைச் சுவரிலிருந்து உரித்துப் போடும். காலரா நச்சின் ஜீனும் இப்படி இரவல்தான், ஒரு வைரஸ் கொண்டுவந்து கொடுத்தது. ஆயுதம் மாறினால் ஆளே மாறின மாதிரி.

ராமேஸ்வரம் வாசகர்: வைவாக்ஸ் மலேரியா என்று சொல்லி மூன்று நாள் மாத்திரையும், 14 நாளைக்கு இன்னொன்றும் கொடுத்தார்கள். மூன்றாம் நாளே காய்ச்சல் போய்விட்டதால் அந்த இன்னொன்றை நாலு நாளோடு நிறுத்திவிட்டேன். மூன்று மாசம் கழித்துத் திரும்ப வந்துவிட்டது. அந்தக் கொசுவா, புதுக் கொசுவா?

புதுக் கொசுவாகவும் இருக்கலாம். ஆனால் நீங்களே வாக்குமூலம் கொடுத்துவிட்டீர்களே, எனக்கு உங்கள் ஈரல்மேல்தான் சந்தேகம்.

கொசு கடிக்கும்போது எச்சிலோடு இறங்குகிற ஒட்டுண்ணி ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்காது. நேரே ஈரலுக்குப் போய், ஒரு ஈரல் செல்லுக்குள் குடிபோய், அங்கே ஆயிரக்கணக்கில் பெருகி, அப்புறம்தான் ரத்தத்துக்கு வரும். அங்கே சிவப்பணுவைத் தொட்டதும் புரண்டு தலைப்பக்கத்தைத் திருப்பி, இறுக்கமாக ஒரு வளையம் போட்டு, அதற்குள் தன்னைத் திணித்துக்கொண்டு உள்ளே போகும். எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள். வைவாக்ஸ் ஒட்டுண்ணிக்கு எல்லாச் சிவப்பணுவும் சரிப்படாது, புதிதாகப் பிறந்த இளசுதான் வேண்டும், அதிலும் டஃபி என்கிற பிடி இருக்க வேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவில் பெரும்பாலானவர்களின் சிவப்பணுவில் அந்தப் பிடி இல்லை, அங்கே வைவாக்ஸ் மிக அபூர்வம். நமக்கு இருக்கிறது.

உள்ளே போனதும் ஹீமோகுளோபினைத் தின்னும். தின்ற மிச்சம் அதற்கே விஷம், அதனால் அந்த மிச்சத்தைப் படிகமாக்கி ஓரம் கட்டும். மூன்று நாள் போடுகிற குளோரோகுயின் மாத்திரை அந்தப் படிகம் கட்டுவதைத் தடுக்கிறது, ஒட்டுண்ணி தன் கழிவிலேயே மாட்டிக்கொண்டு சாகிறது. 48 மணிக்கு ஒரு தடவை எல்லாம் சேர்ந்தாற்போல் சிவப்பணுவை உடைத்துக்கொண்டு வெளியே வருவதுதான் நீங்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் போர்வைக்குள் நடுங்கிய முறைக்காய்ச்சல்.

சிக்கல் எங்கே என்றால், ஈரலுக்குப் போனவற்றில் சில பெருகாமல் அப்படியே தூங்கிவிடும். ஒரு செல்லுக்குள் ஒன்று, சின்னதாக, சத்தமே இல்லாமல். அது ஹீமோகுளோபின் தின்பதில்லை, கழிவு இல்லை, அதனால் குளோரோகுயினுக்கு அங்கே வேலையும் இல்லை. ரத்தப் பரிசோதனையிலும் தெரியாது, ரத்தத்தில்தான் அது இல்லையே. வாரங்களோ மாதங்களோ கழித்து எழுந்து வரும். அந்தத் தூங்குமூஞ்சியை அடிக்கத்தான் 14 நாள் பிரைமாகுயின். நாலு நாளில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு உங்களைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்காது. இந்தத் தடவை முழுசாகப் போடுங்கள், ஆனால் ஜி-6-பி-டி என்ற பரிசோதனை எடுத்ததா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நொதி குறைவாக உள்ளவர்களுக்கு இந்த மாத்திரை சிவப்பணுவையே உடைக்கும், சிறுநீர் கறுத்துப் போகும். கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பதில்லை. கிணற்றுக்கும் மேல்தொட்டிக்கும் மூடி போடுங்கள் என்று நானும் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் விட்டால் சுகாதாரத் துறை நண்பர்கள் கோபிப்பார்கள்.

கீழக்கரை வாசகி: எங்க உம்மாவுக்கு அடிக்கடி நீர்க்கடுப்பு. கல்ச்சரில் ஈ.கோலை என்று வருகிறது. அது குடலில் எல்லோருக்கும் இருக்கிற கிருமி என்கிறார்கள். குடலில் சும்மா இருப்பது அங்கே போய் ஏன் இப்படிப் படுத்துகிறது? நிறையத் தண்ணீர் குடித்தும் அடித்துக்கொண்டு போகவில்லையே?

குடலில் அது சோறு தின்றுகொண்டு ஓரமாகக் கிடக்கும், யாருக்கும் தொந்தரவு இல்லை. சிறுநீர்ப்பைக்கு வந்தால் தங்க இடம் பிடிக்க வேண்டும், அங்கே வெள்ளம் வேறு அடித்துக்கொண்டே இருக்கும். அதற்கென்று அதன் உடம்பு முழுக்க மயிரிழை மாதிரி நீட்டங்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு கொக்கி. நம் சிறுநீர்ப்பைச் செல்லின் மேலிருக்கும் மானோஸ் என்ற சர்க்கரையை அந்தக் கொக்கி பற்றிக்கொள்ளும். நீர் வேகமாக ஓடினால் பிடி தளர வேண்டும் இல்லையா? இதில் தலைகீழ், இழுக்க இழுக்கக் கொக்கி இன்னும் இறுகும். நீரோட்டத்தில் நங்கூரம் மண்ணைக் கவ்வுவதை உங்க ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

செல்லும் சும்மா இருக்காது. கிருமி ஒட்டிய மேல்செல்லையே உதிர்த்து சிறுநீரோடு தள்ளிவிடும், ரிப்போர்ட்டில் "எபிதீலியல் செல்" என்று எழுதியிருப்பதில் சில இப்படி வந்தவையாக இருக்கலாம். ஆனால் சில கிருமி அதற்குள் செல்லுக்குள்ளேயே புகுந்து கூட்டமாகப் பெருகிவிடும், அங்கே ஆன்டிபயாட்டிக் சரியாக எட்டாது. திரும்பத் திரும்ப வருவதற்கு இது ஒரு காரணம். சுகர், நீரை அடக்கிவைப்பது, மாதவிடாய் நின்ற பின் வருகிற மாற்றம் இவையும் உண்டு. தண்ணீர் குடிப்பதை விடச் சொல்லாதீர்கள், மிதந்துகொண்டிருப்பவற்றையாவது அது அடித்துக்கொண்டு போகும். மருந்தைக் கல்ச்சர் ரிப்போர்ட் பார்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள், பழைய சீட்டைக் காட்டிக் கடையில் வாங்க வேண்டாம்.

அதே வாசகி: நாங்க நோன்புக்கு வைக்கிற கடல்பாசியில்தான் கிருமி வளர்க்கிறார்கள் என்று தம்பி கேலி செய்கிறான். நிஜமா?

நிஜம்தான், தம்பியிடம் தோற்றுவிட்டீர்கள். பாசி வகையும் தரமும் மாறும், சரக்கு அதே அகர்தான், பாசியைக் காய்ச்சி எடுக்கிற ஜெல்லிப் பொருள். நம்ம கடலில் பெண்கள் முங்கி எடுக்கிற மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் மதுரைப் பக்கத்து ஆலைகளுக்குப் போய் அகராகத்தான் மாறுகின்றன.

முன்னெல்லாம் ஜெர்மனியில் ராபர்ட் கோக் என்ற கிருமி விஞ்ஞானியின் ஆய்வகத்தில் ஜெலட்டினில் கிருமி வளர்த்தார்கள். உடம்புச் சூட்டில், அதாவது 37 டிகிரியில் வைத்தால் அது உருகி ஓடிவிடும், சில கிருமி அதைத் தின்றும் தீர்த்துவிடும். அங்கே வேலை பார்த்த வால்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி, "உன் ஜெல்லி மட்டும் வெயிலில் எப்படி உருகாமல் இருக்கிறது" என்று கணவர் கேட்டதற்கு, ஜாவாவில் இருந்துவந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் கற்ற அகர் ரகசியத்தைச் சொன்னார். 1882இல் கோக் காசநோய்க் கிருமியைப் பற்றி எழுதியபோது அகரைக் குறிப்பிட்டார், ஃபேனியைக் குறிப்பிடவில்லை. அடுப்படியிலிருந்து வந்த யோசனைக்கு அந்தக் காலத்திலும் அவ்வளவுதான் மரியாதை.

அகரில் எல்லாம் முளைத்துவிடாது. விப்ரியோவுக்கென்று இருக்கிற பச்சைத் தட்டில் காலரா மஞ்சளாகவும் பாராஹீமோலிட்டிகஸ் பச்சையாகவும் ஒரே ராத்திரியில் வந்து நிற்கும். வைரஸ் வராது, அதற்கு உயிருள்ள செல் வேண்டும். தொழுநோய்க் கிருமியை 1873இலேயே கண்டுபிடித்தாயிற்று, இன்றுவரை தட்டில் வளர்க்க முடியவில்லை. நம் செல்லுக்குள்ளேயே இருந்து பழகி, தனியாகப் பிழைக்கிற சாமர்த்தியத்தை எல்லாம் தொலைத்துவிட்டது அது. அதனால் கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை என்றால் கிருமியே இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

உம்மா வைக்கிற கடல்பாசியில் பாலும் சர்க்கரையும். எங்கள் தட்டில் ஆட்டு ரத்தம். அகரைக் கரைத்துக் கொதிக்க வைத்து, புறங்கையில் வைத்தால் சூடு பொறுக்கிற பதம் வந்ததும் ரத்தத்தை ஊற்றிக் கலக்க வேண்டும், செக்கச்செவேலென்று வரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஒருநாள் அவசரப்பட்டு சூட்டோடு ஊற்றிவிட்டேன், மொத்தமும் பழுப்பாகிவிட்டது. கொட்டப் போனவனைத் தடுத்து, எங்கள் சீனியர் "இருக்கட்டும், இதுக்கும் ஆள் இருக்கு" என்றார். சூட்டில் சிவப்பணு உடைந்து உள்ளே இருக்கிற சத்து வெளியே வந்துவிடும், சிவப்பணுவைத் தானாக உடைக்கத் தெரியாத சில கிருமி இதில் மட்டும்தான் நன்றாக வளரும். அதற்கு சாக்லேட் அகர் என்றே பெயர். தம்பியிடம் சொல்லிவையுங்கள், பெயரைக் கேட்டு நாக்கை நீட்டிவிடப் போகிறான்.